ஒரு புழுவின் மனசு

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பையன் அதிகம் பேசாதவன். பென் டிரைவை வாங்குவான், எத்தனை காப்பி என்பான், சில்லறைக்குப் பதில் சாக்லேட் கொடுப்பான். அவ்வளவுதான் எங்கள் உறவு. போன வாரம் மட்டும் மெஷினிலிருந்து வந்த தாள்களில் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

“என்ன சார் இது, வயரிங் டயகிராமா?”

“கிட்டத்தட்ட.”

“எந்த பில்டிங்குது?”

“பில்டிங் இல்லப்பா. ஒரு புழுவோடது.”

“340 பக்கம் காட்டுதே. புழு எவ்ளோ பெருசு?”

“ஒரு மில்லிமீட்டர்.”

அவன் பார்த்த பார்வையை வர்ணிக்க மாட்டேன். நூறு பக்கத்துக்கு மேல் பிரிண்ட் போட எனக்கும் தைரியம் வரவில்லை. மீதியைக் கம்ப்யூட்டரில் படித்தேன்.

இந்த வாரம் அந்த 340 பக்கத்துக்குத்தான் விமரிசனம். நாவல், சினிமா, கவிதைத் தொகுதி என்று எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் மன்னிக்கவும். சரியாகச் சொன்னால் இது புத்தகமே அல்ல. லண்டன் ராயல் சொஸைட்டி 1665-லிருந்து நடத்திவரும் பத்திரிகையில் 1986-ல் வந்த ஒரே ஒரு கட்டுரை. எழுதியவர்கள் நாலு பேர்: ஜான் வைட், ஐலீன் சவுத்கேட், நிக்கல் தாம்சன், சிட்னி பிரென்னர். அட்டையில் நீளமாக, யாரையும் பயமுறுத்துகிற மாதிரி ‘ஸீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் நரம்பு மண்டலத்தின் அமைப்பு’ என்று தலைப்பு. ஆனால் உள்ளே பக்கங்களின் நெற்றியில் சின்ன எழுத்தில் வேறொரு தலைப்பு ஓடுகிறது: ‘ஒரு புழுவின் மனம்’.

அந்தக் குறும்பைப் பற்றித்தான் எனக்கு அவர்களோடு சண்டை. அதற்கு முன் புழுவை அறிமுகப்படுத்த வேண்டும்.

சிட்னி பிரென்னர் தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். டி.என்.ஏ.யின் மொழி எப்படிப் புரோட்டீனாக மாறுகிறது என்று கண்டுபிடித்த கோஷ்டியில் முக்கியமானவர். 1963-ல், அந்தச் சமாசாரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, அடுத்து என்ன என்று யோசித்தார். ஒரே ஒரு செல் பிரிந்து பிரிந்து எப்படித் தோல், குடல், தசை, நரம்பு என்று ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்கிறது? நரம்புகள் சேர்ந்து எப்படி ஒரு பிராணியை நடத்துகின்றன? கேம்பிரிட்ஜில் தன் மேலதிகாரி மாக்ஸ் பெரூட்ஸுக்குக் கடிதம் எழுதினார். இதற்கு மனிதன் லாயக்கில்லை. நம்மிடம் சுமார் 30 லட்சம் கோடி செல்கள். எண்ணி முடிக்க முடியாது. எண்ணி முடிக்கக்கூடிய பிராணி ஒன்று வேண்டும்.

மண்ணிலும் மக்கிய இலைகளிலும் வாழும் இந்த எலிகன்ஸ் கிடைத்தது. மூன்று நாளில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஒரு தலைமுறை. பாக்டீரியாவைப் போட்டால் போதும், தட்டில் சந்தோஷமாக வளரும். எல்லாவற்றையும்விட, கண்ணாடி மாதிரி உடம்பு. மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால் உள்ளே செல் பிரிவது உயிரோடு தெரியும்.

ஜான் சல்ஸ்டன் அதைத்தான் பார்த்தார். சும்மா பார்ப்பது என்றால் என்ன என்று இந்த மனிதரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். முட்டைக்குள் நடப்பதை ஒன்றரை வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, செல் இரண்டாவதையும் நாலாவதையும் பென்சிலால் வரைந்துகொண்டே இருந்தார். 1977-லும் 1983-லும் சகாக்களோடு அவர் வெளியிட்டவை, ஒரு முழு மிருகத்தின் வம்சாவளி. முட்டையிலிருந்து வெளியே வரும்போது 558 செல்கள். நாலு முறை சட்டை உரித்து வளர்ந்த பிறகு, விந்து முட்டைகளைக் கணக்கில் சேர்க்காமல் 959. ஒவ்வொரு செல்லுக்கும் அம்மா யார், பாட்டி யார், கொள்ளுப்பாட்டி யார் என்று கேட்டால் பதில் உண்டு. நம் வீடுகளில் மூணு தலைமுறைக்கு மேல் பெயர் சொல்லத் தடுமாறுகிறோம்.

வம்சாவளியில் இன்னொரு சங்கதி. வளரும் வழியில் 131 செல்கள் செத்துப்போகின்றன. விபத்து அல்ல. எந்தப் புழுவிலும் அதே 131, ஏறக்குறைய அதே நேரத்தில். பெரும்பாலானவை நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. பிறந்து, வேலைக்குச் சேரும் முன்பே தன்னைத்தானே முடித்துக்கொள்கின்றன. இந்தத் தற்கொலைக்கு ஜீன்கள் உண்டு என்று ராபர்ட் ஹார்விட்ஸ் காட்டினார். அதைத் தடுக்கும் ஜீனுக்கு மனிதனில் ஒரு சொந்தக்காரன் இருக்கிறது. சாகவேண்டிய செல் அதனால் சாகாமல் போகும்போது வருவது ஒரு வகை ரத்தப் புற்றுநோய். 2002-ல் பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு. வைட்டுக்கும் சவுத்கேட்டுக்கும் இல்லை. வயரிங் வேலை செய்பவன் பெயர் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் வராது.

பிரென்னர் ஒரு ஜோக் சொல்வதுண்டு. செல்லில் இரண்டு ஜாதி, ஐரோப்பிய பாணி, அமெரிக்க பாணி. ஐரோப்பிய செல்லுக்கு அப்பா யார் என்பதுதான் எல்லாம், அதை வைத்தே தொழில் தீர்மானமாகும். அமெரிக்க செல்லுக்கு அப்பாவைப் பற்றிக் கவலையில்லை, பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்று பார்த்துத் தன் தொழிலை எடுத்துக்கொள்ளும். (முதல் பாணிக்கு நம் ஊர்ப் பெயர் வைக்காமல் விட்டாரே, அந்தவரை பிழைத்தோம்.) எலிகன்ஸ் சுத்த ஐரோப்பியன் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தார்கள். வம்சாவளி அத்தனை கறாராக இருந்தது.

அது முழு உண்மையில்லை என்று பிறகு தெரிந்தது. இந்தப் புழுவின் குடல் முழுக்க 20 செல்கள், எல்லாம் ஒரே ஒரு மூதாதையின் வாரிசுகள். குலத்தொழில் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கரு நாலே நாலு செல்லாக இருக்கும்போது பக்கத்து செல் ஒன்று தொட்டு ஒரு செய்தி சொல்கிறது. அந்தத் தொடுகையைப் பிரித்துவிட்டால் குடலே உருவாகாது. இன்னொன்று இதைவிட ருசி. முட்டை வெளியேறும் வாசலைக் கட்ட ஒரு மேஸ்திரி செல் வேண்டும். அதற்கு இரண்டு வேட்பாளர்கள். தகுதியில் இரண்டும் சமம். ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன, லேசாக யார் குரல் ஓங்குகிறதோ அது மேஸ்திரி, மற்றது வேறு வேலைக்குப் போய்விடும். பாதிப் புழுக்களில் இது, பாதியில் அது. நாம் பிறப்பு என்று நினைத்தது பல இடங்களில் பேச்சு வார்த்தை.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நம் 340 பக்கத்தில் இல்லாமல் போனதும் இந்தப் பேச்சுதான்.

புழுவின் 959 செல்களில் 302 நரம்பு செல்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. நம் நாலு ஆசிரியர்கள் செய்தது இது: புழுவை ஒரு மில்லிமீட்டரில் 20,000-ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவினார்கள். வெள்ளரிக்காய் சீவுவது போலத்தான், என்ன, வெள்ளரிக்காய் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு சீவலையும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமெடுத்தார்கள். முதல் படத்தில் ஒரு நரம்பின் குறுக்குவெட்டு ஒரு சின்ன வட்டம். அடுத்த படத்தில் அதே வட்டம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடி அதே எண்ணை எழுத வேண்டும். அடுத்த படம். அதற்கடுத்த படம். இப்படி ஆயிரக்கணக்கில். கம்ப்யூட்டரை வைத்துச் செய்யலாம் என்று ஆரம்பித்து, அந்தக் காலக் கம்ப்யூட்டருக்கு அது எட்டாமல், கடைசியில் பேனாவும் கண்ணும்தான். சவுத்கேட் இதில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து கணக்குப் போட்டபோது, நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே ரசாயனச் சந்திப்புகள் சுமார் 5,000, நரம்பிலிருந்து தசைக்கு 2,000, நேரடி மின் இணைப்புகள் 600.

படிக்க எப்படி இருக்கிறது? உண்மையைச் சொன்னால் முதல் 20 பக்கம் நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு டெலிபோன் டைரக்டரி. 302 செல்களை 118 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு பத்தி. பெயர்கள் ஏவிஏ, ஏஎஸ்இ, பிவிடி என்று நம் பஸ் ரூட் நம்பர்கள் மாதிரி. இது இங்கே கிளம்பி, இப்படித் திரும்பி, இவரைத் தொட்டு, அவரிடம் முடிகிறது. உணர்ச்சி கிடையாது, உவமை கிடையாது. ஆனால் நாற்பது ஐம்பது பக்கம் தாண்டியதும் என்னவோ ஆகிறது. கையால் வரைந்த அந்தக் கோடுகளில் ஒரு பிடிவாதம் தெரிகிறது. எங்கேயும் அலங்காரமாக ஒரு வாக்கியம் போட்டு நழுவவில்லை. நம் இலக்கிய விமரிசகர்கள் ‘யதார்த்தம்’ என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்களே, அதன் எல்லை இதுதான் என்று தோன்றியது. ஒரு உயிரின் எல்லா நரம்பையும் ஒரு கட்டுக் காகிதத்தில் அச்சடித்ததில் இதுவே முதல். இனிமேல் காகிதத்தில் சாத்தியமில்லை. 2024-ல் பழ ஈயின் மூளை முழுசாக வந்தது: சுமார் 1,39,000 நியூரான்கள், ஐந்து கோடிக்கு மேல் சந்திப்புகள். அதை பிரிண்ட் போட எங்கள் ஜெராக்ஸ் பையனின் பேரன் வர வேண்டும்.

படம் பிரயோஜனப்பட்டதா என்றால், பட்டது. மார்ட்டின் சால்ஃபி புருவ மயிர் ஒன்றைக் குச்சியின் நுனியில் ஒட்டி, புழுவை மெல்லத் தொடுவார். தலைப்பக்கம் தொட்டால் பின்னால் போகும், வால்பக்கம் தொட்டால் முன்னால் ஓடும். இதை உணர ஆறே ஆறு செல்கள். லேசரால் ஒவ்வொரு செல்லாகக் கொன்று, எது போனால் எந்த உணர்ச்சி போகிறது என்று பார்த்து, வயரிங் படத்தோடு ஒப்பிட்டு, தொடுகை எந்த வழியாக ஓட்டமாகிறது என்று 1985-லேயே காட்டினார்கள். நம் ஆசிரியர்கள் நால்வரும் அதில் உண்டு. படமும் பிராணியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போன அழகான இடம் அது.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

முதல் குறை சின்னது. இந்தப் புழு எங்கேயும் வாழ்ந்ததில்லை. தலை ஒரு புழுவிலிருந்து, நடு உடம்பு இன்னொன்றிலிருந்து, வால் வேறொன்றிலிருந்து என்று ஒட்டுப்போட்ட பொதுப்புழு. எல்லாப் புழுவும் அச்சு அசல் ஒன்றுதான் என்ற நம்பிக்கையில் செய்தது. பெரிய அளவில் அது சரியும்கூட. ஆனால் 2021-ல் ஒரே ஜீன்கள் கொண்ட எட்டுப் புழுக்களை, பிறந்ததிலிருந்து வளர்ந்தது வரை வெவ்வேறு வயதில், இதே மாதிரி சீவிப் பார்த்தார்கள். அடிப்படைத் திட்டம் ஒன்று, இணைப்புகளில் கணிசமான பங்கு ஆளுக்கு ஆள் வேறு. இரட்டைப் பிள்ளை பெற்ற அம்மாக்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவது கொஞ்சம் பெரியது. ஏஎஸ்இ என்று ஒரு ஜோடி நரம்பு, இடது ஒன்று, வலது ஒன்று. படத்தில் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும். ஆனால் உப்பில் உள்ள சோடியத்தை ருசிப்பது இடதுதான், குளோரைடுக்கு வலது. உள்ளே எந்த ஜீன் விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில் வித்தியாசம். வெளித்தோற்றத்தை எத்தனை லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் இது தெரியாது. அதுபோல ஒரு சந்திப்பு ‘போ’ என்கிறதா, ‘நில்’ என்கிறதா என்பதும் படத்தில் இல்லை. கோடு மட்டும் இருக்கிறது.

நம் பள்ளிப் புத்தகங்களில் நரம்பைப் பற்றி என்ன இருக்கும்? டெலிபோன் வயர். சோடியம் உள்ளே பாய, பொட்டாசியம் வெளியே வர, மின்துடிப்பு சடசடவென்று ஓடும். நானும் இதே பக்கத்தில் இந்த உவமையை இரண்டு தடவையாவது எழுதியிருக்கிறேன். 1998-ல் எலிகன்ஸின் ஜீன்கள் முழுவதும் படித்தபோது, அந்தத் துடிப்புக்கு அவசியமான சோடியம் கதவே இந்தப் புழுவிடம் கிடையாது என்று தெரிந்தது. அதன் நரம்புகள் பெரும்பாலும் விட்டுவிட்டு அடிப்பதில்லை. விளக்கின் திரியை ஏற்றி இறக்குவது போல ஏறி இறங்குகின்றன. (சிலவற்றில் கால்சியத்தை வைத்துத் துடிப்பும் உண்டு என்று 2018-ல் கண்டார்கள்.) ஆக, வயர் உவமை முதல் புழுவிலேயே தடுக்கி விழுந்தது.

மூன்றாவது குறைக்கு என் சித்தியைக் கூப்பிட வேண்டும்.

சித்திக்கு 71 வயது. நாலு வருஷம் முன்னால் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நடை சுருங்கியது. முகத்தில் சிரிப்பு குறைந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஒரு இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, “க்ளியரா இருக்கு. வயசு, டென்ஷன்” என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். சித்தியின் பையன் அந்தப் படத்தை ஒரு சர்டிபிகேட் மாதிரி பீரோவில் வைத்துக்கொண்டான். அம்மா மெல்ல நடந்தால், “படத்துல ஒண்ணுமில்லம்மா. நீயாத்தான் கற்பனை பண்ணிக்கறே” என்பான். நல்ல பையன்தான். படத்தை நம்பினான். இப்படி இரண்டு வருஷம் போனது.

பிறகு வேறொரு டாக்டர். வயசானவர். படத்தைக் கேட்கவே இல்லை. “எழுந்து வாசல் வரைக்கும் போயிட்டு வாங்கம்மா” என்றார். “தினம் ஏதாவது எழுதுவீங்களா?” என்றார். சித்தி தினம் 108 ஸ்ரீராமஜெயம் எழுதுபவள். நோட்டை வரவழைத்துப் புரட்டினார். நாலு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் உருண்டையாக இருந்த எழுத்து வர வர எறும்பாகி, கடைசிப் பக்கங்களில் வரி முடிவதற்குள் புள்ளியாகிவிட்டிருந்தது. பார்க்கின்சன்ஸ். மூளையின் அடியில் டோபமைன் என்கிற ரசாயனத்தைச் செய்யும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் இது பெரும்பாலும் தெரியாது. சுவர்கள் அப்படியே நிற்கின்றன, வயரும் இருக்கிறது. ரசாயனம்தான் வரவில்லை.

இந்தக் கதையை ஏன் சொன்னேன் என்றால், புழுவுக்கும் டோபமைன் உண்டு. அதே மூலக்கூறு, ஒரு அணுகூட மாறாமல். 302-ல் எட்டு செல்கள் அதைச் செய்கின்றன. 340 பக்கத்தில் அந்த எட்டையும் தேடிப் பிடித்தேன். யாரைத் தொடுகின்றன என்று துல்லியமாகப் போட்டிருக்கிறது. ஆனால் 2004-ல் வந்த ஓர் ஆராய்ச்சி வேறொன்று சொன்னது. டோபமைனைக் கேட்டு நடக்கும் தசை நரம்புகள் பலவற்றுக்கும் இந்த எட்டு செல்லுக்கும் நடுவே சந்திப்பே கிடையாது. டோபமைன் கசிந்து, பரவி, தூரத்தில் இருப்பவனைப் போய்ச் சேர்கிறது. இது டெலிபோன் அல்ல. ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கி. உங்கள் வீட்டுக்கு அதிலிருந்து வயர் வரவில்லை. இருந்தாலும் காலை அஞ்சு மணிக்கு எழுந்து உட்கார்கிறீர்கள். காது இருப்பவனுக்கெல்லாம் செய்தி. எவனுக்குக் காது இருக்கிறது என்பது வயரிங் படத்தில் வராது.

டோபமைன் மட்டுமில்லை, பெப்டைடுகள் என்று குட்டிக் குட்டிப் புரோட்டீன் துணுக்குகள். இவற்றைச் செய்ய இந்தப் புழுவிடம் நூற்றுக்கும் மேற்பட்ட ஜீன்கள். 2023-ல் இரண்டு வேலைகள் வெளிவந்தன. ஒன்றில், புத்தகம் பிறந்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தினரும் சேர்ந்து, எந்தப் பெப்டைடை எந்த நரம்பு அனுப்பும், எதற்கு அதைக் கேட்கும் காது உண்டு என்று ஒரு வரைபடம் போட்டார்கள். வயர் இல்லாத இந்த வலை, வயர் வலையைவிட அடர்த்தியாக இருந்தது. இன்னொன்று பிரின்ஸ்டனில். உயிருள்ள புழுவில் நரம்புகளை ஒவ்வொன்றாக ஒளியால் தட்டி எழுப்பி, மற்றதில் எது பதில் சொல்கிறது என்று பார்த்தார்கள். 23,000-க்கும் மேற்பட்ட ஜோடிகள். வந்த விடையும், வயரிங்கை வைத்து ஊகித்த விடையும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. காரணங்களில் ஒன்று இந்தக் கசிவுப் பேச்சு.

ஆசிரியர்களுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே அவர்கள் மனம் பற்றி ஒரு அத்தியாயமும் எழுதவில்லை. அமைப்பு என்று சொல்லி அமைப்பைத்தான் கொடுத்தார்கள். பக்க நெற்றியில் ஓடும் அந்த வரி பிரிட்டிஷ் நகைச்சுவை. என் சண்டை, ஜோக்கை நிஜமாக எடுத்துக்கொண்ட நம்மோடு. 2014-ல் இந்த இணைப்புப் பட்டியலைப் புரோகிராமாக்கி, லெகோ துண்டுகளில் செய்த ஒரு குட்டி ரோபோவில் போட்டார்கள். அது சுவரில் முட்டுகிற மாதிரி போய், நின்று, பின்னால் வந்தது. உடனே புழுவின் மனசை மெஷினுக்கு மாற்றியாச்சு, அடுத்தது மனுஷன் என்று செய்திகள். எது ‘போ’, எது ‘நில்’ என்று படத்தில் இல்லாததை யார் போட்டார்கள்? புரோகிராம் எழுதியவர் போட்டார். ரோபோவில் ஒலிபெருக்கியும் இல்லை, கசிவும் இல்லை. நாமும் ரசித்துப் படித்துவிட்டு, ஸ்கேன் படத்தைப் பீரோவில் வைத்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். மாத்திரையில் இப்போது பரவாயில்லை. மாத்திரை என்றால் எல்-டோபா. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். காலையில் ஒரு மணி நேரம் பழைய சித்தியாக இருக்கிறாள், பையனை அதிகாரம் பண்ணுகிறாள். பிரிண்ட் போட்ட தாள்களில் அந்த எட்டு செல் வருகிற பக்கங்களைக் காட்டினேன்.

“இத்தனூண்டு புழுவுக்கு எட்டா? எனக்கு எத்தனைடா இருக்கும்?”

“சில லட்சம் இருந்திருக்கும் சித்தி.”

“மீதி?”

கை நடுங்க ஆரம்பிக்கும்போதே பாதியளவு போயிருக்கும் என்கிறார்கள். நான் பேச்சை மாற்றி, 2000-ல் செய்த ஒரு பரிசோதனையைச் சொன்னேன். சாதாரணப் புழு ஊர்ந்துகொண்டே வந்து பாக்டீரியா பரப்பிய இடத்தைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கும். சாப்பாடு வந்தாச்சு, மெதுவாகப் போகலாம் என்று. அதன் உடம்பில் படும் உரசலை வைத்தே தெரிந்துகொள்கிறது. பாக்டீரியாவுக்குப் பதில் நுண்ணிய மணிகளைப் பரப்பினாலும் ஏமாந்து நிதானமாகும். இதற்கு வேண்டியது டோபமைன். அந்த எட்டு செல்லையும் லேசரால் கொன்றுவிட்டால், சாப்பாட்டின் நடுவே வந்தும் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

“நிக்கத் தெரியாதா?”

“மெதுவாகத் தெரியாது.”

சித்தி தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். தாள் லேசாக ஆடியது.

“நான் போகத் தெரியாம நிக்கறேன், அது நிக்கத் தெரியாம போறது” என்றாள். பிறகு, “இந்தப் பக்கத்த நான் வச்சுக்கட்டுமா?” என்று கேட்டு ஸ்ரீராமஜெயம் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.